அப்பா செய்த சோதனை

பழங்காநத்தம், மதுரை
16 ஜூன் 2025, திங்கள்

அன்புள்ள ஜூடுவுக்கு,

அப்பாவுக்கு வலது கண் எந்த நாளிலிருந்து தெரியாமல் போனது என்று சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. டாக்டரும் இதையேதான் கேட்டார். அவருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வரியில், கூடவே இருக்கிற உனக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் இருக்கிறது, ஆனால் போனில் சொல்லக்கூடிய அளவில் இல்லை. போனில் பேசினால் அப்பா பக்கத்து அறையில் இருப்பார். காது நன்றாகக் கேட்கிறது அவருக்கு. அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அவரைக் கூப்பிடு.

நீயும் டயானாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். குவைத்தில் வெயில் ஐம்பதைத் தொட்டுவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். இங்கே ஆனி பிறந்தும் காற்று வரவில்லை. மாடித் தொட்டி ஒழுகுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். அப்பாவாக இருந்தால் முதல் வரியிலேயே கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்கியிருப்பார். நான் எப்போதும் அதை விட்டுவிடுகிறவள். இந்த முறையும் விட்டுவிட்டேன்.

போன வாரம், எட்டாம் தேதி, பெந்தெகொஸ்தே ஞாயிறு அன்று ஆலயத்தில் நடந்தது உனக்கு ஒரு விதமாக வந்து சேர்ந்திருக்கும். நடந்தது இதுதான். அன்றைக்கு வேதபாடம் வாசிக்கும் முறை அப்பாவுடையது. ஊர்ப் பெயர்களும் இனப் பெயர்களுமாக நாக்கைச் சுளுக்குகிற பாடம். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. முக்கால்வாசி வாசித்த பிறகுதான் பார்த்தேன், மூக்கின் மேல் கண்ணாடி இல்லை. ஜிப்பாவின் மேல்பையிலிருந்து அதன் ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. முப்பது வருடமாகக் கண்ணாடி இல்லாமல் அவர் ஒரு கடுதாசியைக்கூடப் படித்ததில்லை என்பது உனக்குத் தெரியும். இடது கண்ணோ மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் அவரைச் சுற்றிக் கூட்டம். “சார், கண்ணாடியே இல்லாம வெளுத்து வாங்கிட்டீங்களே” என்றார் ஒருவர். “எல்லாம் எம் மக மருந்து” என்றார் அப்பா. அவர் என்னைப் பற்றி நாலு பேர் முன்னால் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் முனைவர் பட்டம் வாங்கிய அன்றைக்கு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றுதான் சொன்னார். பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் தன் மாமியாருக்கு எத்தனை நாள் சூப் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.

நான் எதையும் எளிதில் நம்பாதவள். ஆனால் ஆலய வாசலிலிருந்து வீடு வரும் வரை, பத்து நிமிடம், நானும் நம்பினேன். இதை எழுதாமல் விட்டால் மேற்கொண்டு எழுதுவது எதுவும் உண்மையாக இருக்காது.

சூப் என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டும். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்பாவின் நோயில், விழித்திரைக்கு அடியில் தேவையில்லாத ரத்தக் குழாய்கள் புதிதாக முளைத்துக் கசிகின்றன. அந்த முளைப்பை அடக்கத்தான் மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி. நம் உடம்பிலேயே, புரதங்களுக்கு உள்ளேயே, இப்படி முளைப்பதைத் தடுக்கிற சிறு துண்டுகள் இருக்கின்றன. பெப்டைடு என்பார்கள். சில ஏற்கெனவே தெரிந்தவை. அவற்றின் சாயலில் வேறு துண்டுகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று மனித உடம்பின் எல்லாப் புரதங்களிலும் கணினியை விட்டுத் தேடுவதுதான் என் வேலை. ஆறு வருடம் தேடினேன். நாற்பத்தொரு துண்டுகள் பட்டியலில் வந்தன. முதலிடத்தில் வந்தது கொலாஜன் என்ற புரதத்தின் ஒரு துண்டு, இருபது எழுத்து நீளத்தில் ஒரு சொல் என்று வைத்துக்கொள். கணினி சொன்னது அவ்வளவுதான்: இது அப்படிப்பட்ட துண்டைப் போல இருக்கிறது. அப்படி வேலை செய்கிறது என்று அல்ல.

ஜனவரியில் ஒரு நிருபர் வந்தார். கொலாஜன் எதில் இருக்கும் மேடம் என்று கேட்டார். எலும்பு, தோல், குருத்தெலும்பு என்றேன். ஒன்பதாம் தேதி என் படத்தோடு வந்தது: ஆட்டுக்கால் சூப்பில் பார்வை காக்கும் மருந்து, மதுரைப் பேராசிரியை கண்டுபிடிப்பு. நம் தெருமுனைக் கறிக்கடைக்காரர் கருத்தக்கண்ணன் அதை வெட்டிக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். அதன் கீழே தோலுரித்த ஆடுகள் தொங்கும். போகும்போதும் வரும்போதும், “டாக்டரம்மா, நம்ம கடைக்கு அம்புட்டுக் கூட்டம், எல்லாம் உங்க புண்ணியம்” என்பார். பத்திரிகைக்கு மறுப்பு எழுதினேன். இரண்டு வாரம் கழித்து உள்பக்கத்தில் மூன்று வரி வந்தது. அதை அப்பா படிக்கவில்லை. அப்போதே படிக்க முடியாமல் இருந்தாரா என்று இப்போது யோசிக்கிறேன்.

அப்பாவிடமும் சொன்னேன். வயிற்றுக்குள் போனால் எந்தப் புரதமும் செரித்துத் தூளாகிவிடும், கண்ணுக்குப் போய்ச் சேராது, சூப்பில் ஒன்றும் இல்லை என்றேன். அவர் சிரித்தார். “நீ எதத்தான் உண்டுன்னு ஒத்துக்கிட்ட?” என்றார். அது நியாயமான கேள்வி. ஜோசியம் இல்லை, எண்ணெய் வைத்தியம் இல்லை, அற்புத சுகமளிக்கும் கூட்டம் இல்லை என்று வாழ்நாள் முழுக்க இல்லை என்று சொன்னவளின் இன்னொரு இல்லை அவருக்கு வெறும் தன்னடக்கமாகத்தான் தெரிந்தது.

அந்தப் பெந்தெகொஸ்தே ஞாயிறு மதியம், ஆலயத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும், மின்வாரியத்திலிருந்து வந்த ஒரு நோட்டீசை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். என்ன போட்டிருக்கிறது, பாருங்கள் என்றேன். வாங்கினார். கையை நீட்டிப் பிடித்தார். முகத்தை மெல்ல ஒரு பக்கமாகத் திருப்பினார், கிளி பார்ப்பது போல. பிறகு காகிதத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். “முத்துமீனா போயிட்டாளா?” என்று கேட்டார்.

சமையலுக்கு வருகிற முத்துமீனா போகவில்லை. அடுக்களை வாசலில் நின்றிருந்தாள், அழ ஆரம்பித்துவிட்டாள். பத்து நாளாகத் தினமும் சமையல் முடிந்ததும் அந்தப் பாடத்தை வரி வரியாக இவள் வாசிக்க, அவர் திருப்பிச் சொல்லியிருக்கிறார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறார். “எனக்கே மனப்பாடம் ஆயிருச்சுக்கா, வேணும்னா சொல்லவா?” என்றாள் அழுதுகொண்டே. கண்ணாடியை மறந்ததுதான் பிசகு. எழுத்தே கண்ணில் படாதவருக்குக் கண்ணாடியால் பயன் இல்லை, பார்க்கிறவர்களுக்காகவாவது போட வேண்டும் என்று அன்றைக்கு ஞாபகம் இல்லாமல் போயிருக்கிறது.

நீ நினைக்கலாம், வீட்டுக்குள் நடமாடுவதிலாவது தெரிந்திருக்க வேண்டுமே என்று. இந்த நோயில் ஓரப் பார்வை போவதில்லை. நடப்பார், படியிறங்குவார், குழம்பில் காயை எடுப்பார். நடுவில் மட்டும் இருட்டு. எழுத்து தெரியாது, முகம் தெரியாது. குரலைக் கேட்டு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நான் காலை ஏழரைக்குப் போய் மாலை ஆறரைக்கு வருகிறவள். வந்ததும், அப்பா, என்று நான்தான் முதலில் பேசுவேன். அது அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

இனி ஊசி விஷயம். ஜனவரி வரை நான்தான் கூட்டிப்போனேன். பிப்ரவரியிலிருந்து கல்லூரிகளுக்கு ஆய்வுக் குழுவோடு போகும் வேலை எனக்கு விழுந்ததால், ஆட்டோக்கார நல்லகாமன் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் அழைத்து வந்தார். ஒவ்வொரு முறையும் கண்ணில் பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கொண்டு அப்பா திரும்பி வந்தார். நான் பார்த்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன், சொட்டு மருந்து விட்டேன். ஞாயிறு மாலை நல்லகாமனை வரவழைத்துக் கேட்டபோது முதலில் தலையைச் சொறிந்தார். பிறகு சொன்னார், ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. நான்கு மாதமும் அப்பா ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஜனவரியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த மூடியையே ஆட்டோவில் வைத்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார். “நான் சொன்னேன்க்கா, வேணாம் சார்னு. எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவரு, அவரு பேச்ச நான் எப்படித் தட்டுறது?” என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குறுஞ்செய்திகள் அப்பாவின் போனில் திறக்காமல் கிடந்தன.

பயத்தினால் என்றுதான் நினைத்தேன். கண்ணுக்குள் ஊசி என்றால் யாருக்கும் பயம். அப்படியே கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு கிராப் நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். மேல் அட்டையில் அவர் கையெழுத்தில், சோதனை, 9.1.25 முதல் 9.7.25 வரை, என்று இருந்தது. உள்ளே வாரத்துக்கு ஒரு பக்கம். கட்டம் போட்ட தாளைப் பார்த்தால் கோடுகள் எங்கே வளைந்து தெரிகின்றன என்று வரைந்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் வீட்டில் செய்யச் சொல்கிற பரிசோதனைதான் அது. ஓரத்தில், சூப் காலை ஒரு டம்ளர், ஊசி இல்லை.

ஊசி ஏன் இல்லை என்று கேட்டேன்.

“ரெண்டும் சேந்து போட்டா எது கேட்டுச்சுன்னு எப்படிம்மா தெரியும்? நீதானே சொன்ன.”

ஜூடு, நான்தான் சொன்னேன். அம்மா இருந்தபோது, உனக்கும் நினைவிருக்கலாம், முழங்கால் வலிக்கு மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு யாரோ கொடுத்த எண்ணெயையும் தேய்த்துவிட்டு, எண்ணெய்தான் கேட்டது என்று அப்பா விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எல்லோர் முன்னாலும், எண்ணெயா மாத்திரையா என்று எப்படித் தெரியும், ஒன்றை நிறுத்திப் பார்த்தால்தானே தெரியும் என்றேன். கணக்கு வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா என்றும் சொன்னேன். பன்னிரண்டு வருடமாகிறது. என் துண்டு வேலை செய்கிறது என்று நானே ஒத்துக்கொள்ளும்படி நிரூபிக்க வேண்டுமானால், மற்றதை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என்னிடமே கற்றுக்கொண்டு, எனக்காகவே நிறுத்தியிருக்கிறார்.

மறுநாள் திங்கட்கிழமை, ஜூன் ஒன்பதாம் தேதி, வம்படியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் வித்யாஸ்ரீ ஸ்கேனைத் திருப்பிக் காட்டினார். நடுவில் ரத்தமும் நீரும் தேங்கியிருக்கிறது, ஒரு பகுதி தழும்பாகிவிட்டது. தழும்பு ஆனது ஆனதுதான். மிச்சம் இருப்பதில் கசிவு உயிரோடு இருக்கிறது, அதை ஊசியால் நிறுத்தலாம். எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று சொல்ல முடியாது, தள்ளிப்போட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லலாம் என்றார். அப்போதுதான் எந்த நாளிலிருந்து என்று கேட்டார். நோட்டைக் கொடுத்தேன். மார்ச் வரை கோடுகள் வாரத்துக்கு வாரம் அதிகமாக வளைகின்றன. ஏப்ரல் நடுவில் ஒரு பக்கத்தில் நடுவே பெரிய கறுப்பு வட்டம். மே முதல் வாரத்தில் கோடுகள் மறுபடி நேராக இருக்கின்றன. தேறி வந்ததா, அல்லது வரைகிற கோடே தெரியாமல் ஸ்கேலை வைத்து நேராக இழுத்தாரா? டாக்டர் பக்கங்களை இரண்டு முறை புரட்டிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அதனால்தான் உனக்குப் பதில் இல்லை.

இமை ஓரத்தில் கட்டி இருந்ததால் அன்றே ஊசி போட முடியாது, ஒரு வாரம் மருந்து விட்டுவிட்டு பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார்கள். நாளைக்கு. அப்பா வர மாட்டேன் என்கிறார். “ஆறு மாசம்னு எழுதி வச்சிருக்கேன். இன்னும் மூணு வாரந்தான். பாதியில நிறுத்துனா அது சோதனையா?” ஒன்பதாம் தேதி டாக்டரிடமும் இதே கணக்கைத்தான் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மேல் எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பட்டியலில் இருந்து ஏழு துண்டுகளைத் தயாரிக்கக் கொடுத்து, வெளியூரில் நண்பர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் செல்கள் மேல் போட்டுப் பார்த்தார்கள். ரத்தக் குழாயின் உள்சுவர்ச் செல்களை ஒரு கூழின் மேல் விட்டால் ஒரே இரவில் வலை மாதிரி குழாய்களைப் பின்னிக்கொள்ளும். நம் துண்டு அந்த வலையைப் பின்ன விடக் கூடாது. முதல் தடவை, போன அக்டோபரில், முதல் துண்டு வலையைத் தடுத்தது. அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். அப்போது அவருக்குக் கண் தெரிந்தது. நான் வேலை முடிவு எதையும் அவரிடம் காட்டியதில்லை, அது ஒன்றைத்தான் காட்டினேன். இரண்டாம் தடவை சரியான முறையில் செய்தார்கள். நம் துண்டில் இருக்கிற அதே இருபது எழுத்துகளை வரிசை கலைத்து இன்னொரு துண்டு செய்து, அதையும் பக்கத்தில் போட்டுப் பார்ப்பது முறை. கலைத்துப் போட்டதற்கு அர்த்தம் கிடையாது, அது எதையும் தடுக்கக் கூடாது. அதுவும் அதே அளவுக்குத் தடுத்தது. தயாரிப்பில் தங்கிவிட்ட அமிலத்தின் மிச்சம் செல்களை வாட்டியிருக்கிறது. சுத்தம் செய்துவிட்டு மறுபடி போட்டபோது இரண்டுமே ஒன்றும் செய்யவில்லை. வலை அழகாகப் பின்னிக்கொண்டது. என் துண்டு வேலை செய்யவில்லை.

இந்த மின்னஞ்சல் வந்தது ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி. துறைத் தலைவருக்கு அன்றே அனுப்பினேன். ஏற்கெனவே வெளிவந்த என் ஆய்வுக் கட்டுரையில் திருத்தம் போட வேண்டும் என்று எழுதினேன். மாணவர்களிடம் சொன்னேன். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. வேலை எப்படிப் போகிறது என்று தினமும் மாலை அவர் கேட்பார். போகிறது என்பேன். இன்னொரு முறை செய்து உறுதிப்படுத்திக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்ததாக உன்னிடம் சொல்லலாம். அது காரணம் இல்லை. அந்தக் கேள்வியை அவர் கேட்கும்போது அவர் முகம் இருந்த விதம்தான் காரணம். அந்த முகத்துக்காக நான் ஐம்பது வயது நெருங்கும் வரை காத்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஏப்ரல் இருபத்தெட்டில் சொல்லியிருந்தால் மே மாத ஊசிக்குப் போயிருப்பார். அவர் நேர்மையான ஆள். முடிவு தெரிந்த பிறகு சோதனையைத் தொடர மாட்டார். ஏப்ரல் நடுவிலேயே போய்விட்டதா, மே மாதத்தில் போனதா என்பதுதான் நான் நோட்டில் தேடுகிற கணக்கு. ஏப்ரல் என்றால் என் பங்கு ஒரு மாதிரி. மே என்றால் வேறு மாதிரி. நீ கேட்ட கேள்வியையே நான் வேறு காரணத்துக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதாம் தேதியிலிருந்து எட்டு நாளாகச் சொல்லப் பார்க்கிறேன். புதன்கிழமை ஆரம்பித்தேன். நடுவில் அவர், “உன் துண்டுக்குப் பேர் வச்சாச்சா?” என்று கேட்டார். எண் மட்டும்தான் என்றேன். “அம்மா பேர வையி” என்றார். அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. சனிக்கிழமை முத்துமீனா என்னிடம், “நீங்க சொன்னா கேப்பாருக்கா, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்” என்றாள். அவளுக்கு என்ன வார்த்தை என்று தெரியாது.

நாளைக் காலை எட்டரைக்கு நல்லகாமன் ஆட்டோ கொண்டுவருவார். அதற்கு முன் சொல்லிவிடுவேன். சொன்னால் வருவார் என்று நினைக்கிறேன். கண்ணில் மிஞ்சுவது மிஞ்சும். மற்றது என்ன ஆகும் என்று தெரியவில்லை. எழுபத்தாறு வயதில், மகளுக்காக ஒரு கண்ணைக் கொடுத்தது ஒன்றுமில்லாததற்கு என்று ஒரு மனிதரிடம் எந்தச் சொற்களில் சொல்வது என்று தெரியவில்லை. கலைத்துப் போட்ட துண்டைப் பற்றி எனக்கு விளக்கத் தெரியும். இதற்குத் தெரியவில்லை.

நீ ஒன்று செய். நாளைக்குக் கூப்பிடாதே. நாளை மறுநாள் கூப்பிடு. கண் எப்படி இருக்கிறது என்று கேட்காதே. அக்கா ஏன் இப்படிச் செய்தாள் என்றும் கேட்காதே, கேட்டால் அவர் எனக்காகப் பேசுவார். அதை என்னால் தாங்க முடியாது. உன் பிள்ளைகளின் கணக்குப் பாடத்தில் ஏதாவது சந்தேகம் கேள். வாயாலேயே சொல்லிக்கொடுப்பார்.

நான் ஜெபிக்கிறவள் இல்லை. நீ ஜெபிக்கிறவன். அவருக்காகச் செய்யும்போது என் பெயரையும் சேர்த்துக்கொள்.

டயானாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லோரும் நன்றாக இருங்கள்.

உன் அக்கா,
ஐரின்

17 ஜூன், செவ்வாய், மாலை

நேற்று எழுதியதை இன்னும் அனுப்பவில்லை. நடந்ததையும் எழுதி அனுப்புகிறேன்.

காலையில் சொல்லவில்லை. அவர் குளித்துவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு, சும்மா கூட வாரேன், ஊசி கிடையாது என்று ஆட்டோவில் ஏறினார். பழங்காநத்தம் ரவுண்டானாவில் சிக்னலுக்கு நின்றபோது சொன்னேன். அதிகம் சொல்லவில்லை. துண்டு வேலை செய்யவில்லை, ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும் என்றேன். நல்லகாமன் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

“கலைச்சுப் போட்டதுல என்ன வந்துச்சு?”

அக்டோபரில் படத்தைக் காட்டியபோது, அடுத்து கலைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதை ஞாபகம் வைத்திருக்கிறார். அதுவும் இதே மாதிரிதான் வந்தது என்றேன்.

“அப்ப சரி” என்றார். ஏப்ரலைப் பற்றிக் கேட்கவில்லை.

ஊசி போடும் அறைக்கு வெளியே பெஞ்சுகளில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோருக்கும் எந்தக் கண் என்பதற்குப் புருவத்துக்கு மேல் ஒரு வெள்ளைப் பட்டை. அப்பாவுக்கு வலது பக்கம் ஒட்டினார்கள். எதிர் பெஞ்சில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டாம்பட்டிப் பக்கம் என்றார். பெயர் காளை. பேப்பரில் வந்தவர் நீங்கள்தானே என்று கேட்டார். அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அவருக்கு இது மூன்றாவது ஊசி. வாய்வழியாக ஒன்று இருக்கும்போது கண்ணில் எதற்குக் குத்திக்கொள்ள வேண்டும், எழுந்து போய்விடலாமா என்று மகனோடு காலையிலிருந்து சண்டையாம். நீங்களே சொல்லுங்கள் தாயி என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற அதே குரல்.

“அண்ணே, இவ எம் மக. அந்த மருந்து தோத்துப்போச்சு. நான் அஞ்சு மாசம் குடிச்சேன், ஊசியப் போடாம. எனக்கு இப்ப உங்க முகம் தெரியல. நீங்க உக்காந்து ஊசியப் போட்டுக்கிட்டுப் போங்க.”

பெஞ்சுகளில் இருந்தவர்கள் அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெரியவர், அப்படியா தாயி, என்று கேட்டார்.

“ஆமாங்கய்யா” என்றேன். “வேலை செய்யல.”

அவர் காகிதத்தை எடுத்தார், மறுபடி மடித்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். எழுந்து போகவில்லை. அப்பாவுக்கு முன்னால் அவரைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள்.

பதினொன்று இருபதுக்கு அப்பாவைக் கூப்பிட்டார்கள். உள்ளே உறவினருக்கு அனுமதி இல்லை. கதவு வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார், கதவில் விட்டுவிட்டார். பதினைந்து நிமிடத்தில் புது மூடியோடு வெளியே வந்தார். ஊசிக்கு முன் பார்வை பரிசோதித்த சீட்டில், வலது கண், முகத்துக்கு மூன்றடி தூரத்தில் விரல்களை எண்ணுகிறார் என்று எழுதியிருக்கிறது. பார்வை கூடுமா என்று டாக்டரிடம் கேட்டேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்.

இப்போது தூங்குகிறார்.